சைபரை நம்பாதவர்

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அலுவலகத்தில் வைத்த பெயர் ‘எதுக்கும்’. “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்” என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிற மனிதரை வேறு என்னவென்று அழைப்பார்கள்? வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு நானும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்குத் தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். தலைவலிக்கு நெற்றி சுடாது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

வேலையும் அதற்கேற்றபடியே வாய்த்தது. வானிலை அலுவலகத்தில் சரிபார்க்கும் குமாஸ்தா. ஊர் ஊராக மழைமானி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ள அந்தந்த ஊரிலேயே ஓர் ஆள் உண்டு. அவர் தினமும் காலை எட்டரை மணிக்கு, போன இருபத்துநாலு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை, எத்தனை டிகிரி சூடு என்று ஓர் அட்டையில் எழுதி, மாதம் முடிந்ததும் தபாலில் போடுவார். அட்டைகள் எல்லாம் என் வீட்டுக்காரர் மேசைக்கு வரும்.

பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது அங்கே விதி. ஒத்துப்போனால் விட்டுவிடுவார். ஒத்துப்போகாத எண்ணை அடித்துவிட்டு, பக்கத்து ஊர்களின் சராசரியை எழுதி, அதற்குக் கீழே பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். திருத்தப்பட்டது என்று அதற்கு அர்த்தம். வருடக் கடைசியில் அச்சாகும் புத்தகத்திலும் அந்தப் புள்ளி அப்படியே இருக்கும். கை பழகிப்போய் வீட்டிலும் புள்ளிதான். சலவைக்குப் போடும் துணிப்பட்டியலில் புள்ளி, காலண்டரில் புள்ளி. மகன் எங்களுக்கு எழுதின கடிதத்தில் இரண்டு பிழையைத் திருத்திப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவன் போனில்தான் பேசுகிறான்.

இவரைப் பதினொரு வருடமாகத் தூங்கவிடாமல் செய்தது மலைக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஊர். மலைக்கு முன்பக்கம் கடல் பார்த்த ஊர்கள் மூன்று. காற்றுக் காலம் வந்துவிட்டால் மூன்றிலும் கொட்டு கொட்டென்று கொட்டும். ஐம்பது, எண்பது, நூறு என்று அட்டை வரும். பின்பக்க ஊர் நேர்க்கோட்டில் பதினாலு கிலோமீட்டர்தான். அங்கிருந்து வரும் அட்டையில் சைபர், சைபர், சைபர். அதுவாவது போகட்டும். முன்பக்கம் எவ்வளவு மழை கொட்டுகிறதோ அவ்வளவுக்குப் பின்பக்கம் சூடு கூடியிருக்கும். இதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

“மழை பேஞ்சா குளிரும். குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தம்மாவுக்கு மட்டும் மழை பேஞ்சா வேகுதாம்” என்பார்.

அந்தம்மா ஒரு தையல்காரி. வீட்டுக் கொல்லையில் மழைமானி. அதைப் பார்ப்பதே இல்லை, தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கச் சோம்பல்பட்டு சைபர் போட்டுவிடுகிறாள் என்பது இவருடைய முதல் சந்தேகம். வெப்பமானிப் பெட்டியை அடுப்படிச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறாள் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரியது. அவளுடைய தம்பி தண்ணி லாரி ஓட்டுகிறான். ஊரில் மழையே இல்லை என்று கணக்குக் காட்டினால் லாபம் யாருக்கு?

வருடா வருடம் புத்தகம் அச்சானதும் அவளிடமிருந்து ஒரு கடிதம் வரும். “என் எண்களை மாற்றியிருக்கிறீர்கள். நான் பொய் எழுதுவதில்லை.” இவர் அதைப் படித்துவிட்டு, “பாத்தியா, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதை. பொய் எழுதறேன்னு இவளை யாரு கேட்டா?” என்று சொல்லிக் கோப்பில் குத்திவிடுவார். எனக்கும் அவள் மேல் நல்ல எண்ணம் இல்லை. இருபத்தெட்டு வருடம் கூடவே இருந்தால் சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும்.

போன வருடம் விஷயம் முற்றியது. மழை குறைந்த ஊர்களுக்கு ஏரியிலிருந்து குழாய் போட்டுக் குடிதண்ணீர் கொடுப்பதாக முடிவாகி, எந்தெந்த ஊர் என்று வானிலை அலுவலகத்தைக் கேட்டார்கள். தையல்காரியின் சைபர்கள் உண்மை என்றால் அவளுடைய ஊருக்குத்தான் முதல் குழாய். இவருடைய புள்ளி வைத்த எண்கள் உண்மை என்றால் அது நல்ல மழை பெய்கிற ஊர், குழாய் கிடையாது. கூடவே பொய் எழுதினாள் என்று அவளை நீக்கி மழைமானியையும் பிடுங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். இவர் வியாழக்கிழமையே எழுதி முடித்து உறையில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் உறையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எதுக்கும் ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துடலாமா?”

“போங்க. யாரு வேண்டாம்னா?”

“நான் தனியாப் போனா சோதனைக்கு வந்திருக்கேன்னு உஷாராயிடுவா. நீயும் வா. துணி தைக்கக் குடுக்கற மாதிரி போவோம்.”

இருபத்தெட்டு வருடத்தில் என்னை அவர் வெளியூர் கூட்டிப்போவது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் சாவுக்கு. நான் நல்ல துணியாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். அவருடைய பையில் ஒரு வெப்பமானி, குடை, கழுத்தை வெட்டிய இரண்டு பாட்டில்கள், பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். மலைக்கு முன்பக்கம் வந்தபோது மழை பிய்த்து உதறியது. ஜன்னல் தகரத்தை இறக்கியும் மடியெல்லாம் தண்ணீர். மேலே ஏற ஏற ஒரே மேகம், டிரைவர் விளக்குப் போட்டு ஓட்டினார். நான் முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். உச்சியைத் தாண்டி நாலு வளைவு இறங்கியிருப்போம், தூறல் நின்றது. இன்னும் பத்து வளைவில் வெயில். அடிவாரத்தில் இறங்கும்போது முகத்தில் அடித்த காற்று, உலை மூடியைத் திறந்தால் அடிக்குமே, அப்படி இருந்தது. தெருவில் புழுதி.

“என்னங்க, இங்க ஒரு பொட்டு இல்லையே” என்றேன்.

“பஸ் வேகமா வந்துடுச்சு. மழை பின்னால வந்துட்டு இருக்கு” என்றார். வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பின்னால் மலை உச்சியில் மேகம் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

தையல்காரி வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்றாவது தெரு. முன்னறையில் மெஷின், வெட்டுத்துணி, ஆணியில் தொங்கும் சட்டைகள். என் வயதுக்குப் பத்து வயது குறைவாக இருப்பாள். கழுத்தில் அளவு டேப், அதோடு கயிற்றில் ஒரு சாவி. என்னை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்தாள். பார்வையிலேயே தெரிந்தது, இவளும் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை.

“இந்த ஊர்ல சொந்தமா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, சும்மா ஊர் பாக்க வந்தோம்” என்றார் இவர்.

“இந்த ஊரையா?” என்றாள் அவள்.

இவர் காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் நழுவினார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டிக்கும் அடுப்படிச் சுவருக்கும் நடுவே அடி மேல் அடி வைத்து எண்ணினார். நாற்பது அடி. முகம் வாடிவிட்டது. பிறகு வேலிக்கு வெளியே குடையை விரித்து நட்டு, அதன் நிழலில் வெப்பமானியைத் தொங்கவிட்டார். இந்த மூலைக்கு ஒரு பாட்டில், அந்த மூலைக்கு ஒரு பாட்டில், சுற்றிலும் கல் வைத்து நிறுத்தினார். திருடன்கூட இவ்வளவு வெளிப்படையாகத் திருட மாட்டான்.

தையல்காரி என் தோளை அளந்தபடி, “அக்கா, கையத் தொங்க விடுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க” என்றாள். ஒரே இடத்தை இரண்டு தடவை அளந்தாள். “அளவு ஒரு விரக்கடை தப்பினா துணி போச்சு. அப்புறம் யாரு சராசரி எடுத்துத் தச்சாலும் உடம்புல நிக்காது.”

சராசரி என்ற வார்த்தை என் காதில் முள் மாதிரி குத்தியது. கழுத்தில் என்ன சாவி என்று பேச்சை மாற்றினேன்.

“மழைமானிக்குப் பூட்டு. பதினோரு வருஷமா பூட்டித்தான் வச்சிருக்கேன். எவனாவது தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டா?” என்றவள், என்ன நினைத்தாளோ, டேப்பை மேசையில் போட்டுவிட்டு உள்ளேயிருந்து ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “நீங்க பாக்கப் படிச்சவங்களா இருக்கீங்க. இதைப் பாருங்க.”

பெட்டிக்குள் மாதம் தவறாமல் அவள் அனுப்பிய அட்டைகளின் கார்பன் நகல்கள். அதற்குப் பக்கத்தில் அலுவலகம் அச்சடித்து அனுப்பிய புத்தகங்கள், பதினொன்று. ஒரு நகலையும் ஒரு புத்தகத்தையும் பிரித்து வைத்தாள். நகலில் சைபர். புத்தகத்தில் நாற்பத்தொன்று. நகலில் சைபர். புத்தகத்தில் எழுபத்தாறு. நகலில் முப்பத்துநாலு டிகிரி. புத்தகத்தில் இருபத்தாறு. ஒவ்வொன்றின் கீழும் சின்னப் புள்ளி.

“யாரோ ஒரு புள்ளிக்காரர் இருக்காரு, அக்கா. எனக்குப் பேரு தெரியாது. என் சைபரை எல்லாம் அழிச்சு, மலைக்கு அந்தப் பக்கத்து மழைய எடுத்து எங்க தலையில கொட்டுறாரு. அந்தப் பக்கம் அவருக்குச் சொந்தக்காரங்க இருக்கணும். இல்லாட்டி அவங்க இவரை நல்லா கவனிக்கிறாங்க. சும்மா ஒருத்தன் இதைச் செய்வானா? நெருப்பில்லாம புகையுமா?”

என் வீட்டுச் சலவைப் பட்டியலில் தினம் பார்க்கிற புள்ளி. லஞ்சம் என்றால் கூரைக்கு மேல் குதிக்கிற மனிதரை இவள் லஞ்சக்காரர் என்கிறாள். மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த மனிதர் இவளை என்னவெல்லாம் சொன்னார்! நான் என்ன குறைத்தா சொன்னேன்? வெட்கத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

“வேர்க்குதா அக்கா? அந்தப் பக்கம் இப்ப நல்ல மழையா இருக்கும்” என்றாள் அவள், ஏதோ நேரம் சொல்வதைப் போல.

சாயந்திரம் விடுதி அறையில் இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்.

“நகல்தானே. எப்ப வேணா எழுதிக்கலாம்.”

“பதினோரு வருஷத்து நகலையா? நாம வருவோம்னு தெரிஞ்சு உக்காந்து எழுதினாளா?”

“நீ அவ சொன்னதைக் கேட்டு வர்ற.”

“காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தான். உங்க குடையில வெப்பமானி எவ்வளவு காட்டுச்சு, அதைச் சொல்லுங்க.”

“உச்சி வெயில்ல முப்பத்துநாலு” என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் எட்டு மணிக்கே தையல்காரி வீட்டு வேலியருகே நின்றோம். இவர் முதலில் மலைக்கு முன்பக்கத்து ஊர் ஆளுக்குப் போன் போட்டார். தொண்ணூற்று நாலு மில்லிமீட்டர், அப்போதும் பெய்துகொண்டிருந்தது. நம்பாமல் மூன்று தடவை கேட்டார். பாட்டில்களைக் குனிந்து பார்த்தார். ஒன்றில் எறும்பு. இன்னொன்றில் ஒன்றுமில்லை.

அந்த நேரம் தண்ணி லாரி தெருவுக்குள் வந்தது. தம்பிக்காரன் மலையைத் தாண்டிப் போய் ஏரியில் தண்ணீர் நிரப்பி வருகிறவன். சக்கரத்துக்கு மேலே வரைக்கும் ஈரச் சேறு அப்பியிருந்தது, தார்ப்பாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. லாரி நின்ற இடத்தில் மட்டும் புழுதியில் ஒரு ஈர வட்டம். குடத்தோடு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். இவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சைபர் மில்லிமீட்டரா தொண்ணூறா என்பதல்ல கேள்வி, குடமா குழாயா என்பதுதான் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

“மழை சரி. சூடு எப்படி? அதே காத்துதானே?” என்று முணுமுணுத்தார். கடைசிச் சந்தேகத்தையும் விட மனசில்லை.

தையல்காரி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் அளவுக் குப்பி. இவர் கையில் பாட்டில்.

“நேத்தே பாத்தேன். யாரு நீங்க? அந்தப் பக்கத்து ஆளா? என் மானியில தண்ணி ஊத்த வந்தீங்களா?”

தம்பிக்காரன் லாரியிலிருந்து குதித்து வந்து அக்கா பக்கத்தில் நின்றான். இவர் திருதிருவென்று விழித்தார். வாயில் வந்தது இதுதான்: “இல்லம்மா. அதே காத்து மேல ஏறும்போது குளிருது, மழையா கொட்டுது. இறங்கும்போது ஏன் சுடுது? அதைத்தான்…”

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தம்பியிடம், “அந்த சைக்கிள் பம்பை எடு” என்றாள். அவன் அக்காவின் சைக்கிளுக்கு விறுவிறுவென்று காற்றடித்தான். “பம்பு அடியில தொட்டுப் பாருங்க” என்றாள். இவர் தொட்டார். கையை இழுத்துக்கொண்டார். நானும் தொட்டேன், சுட்டது.

“காத்தை அமுக்கினா சூடாகும். மலை மேலேர்ந்து கீழ இறங்கறப்ப மேல இருக்கிற காத்தெல்லாம் அதை அமுக்குது. ஈரத்தை அந்தப் பக்கமே எறக்கிட்டு வந்துடுச்சா, குளிர வைக்கவும் ஒண்ணும் மிச்சமில்ல. எல்லாப் பழத்தையும் பெரிய வீட்ல குடுத்துட்டு, நம்ம வீட்டுக்கு வெறுங்கையோட சிடுசிடுன்னு வர்ற சொந்தக்காரன் மாதிரி. பதினோரு வருஷமா பாக்கறேன். அங்க எவ்வளவு கொட்டுதோ, இங்க அவ்வளவு வேகும்.”

எட்டரை ஆனது. அவள் கழுத்துச் சாவியால் பூட்டைத் திறந்து, இவர் கண் முன்னாலேயே மழைமானியைக் குப்பியில் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளைப் பெட்டியைத் திறந்து நேற்றைய உச்சச் சூட்டைப் படித்தாள்: முப்பத்துநாலு புள்ளி இரண்டு. அட்டையில் எழுதினாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் ஒரு நிமிடத்தில் பத்து வயது கூடிப் போயிருந்தார்.

“அந்தப் புள்ளிக்காரன் நான்தாம்மா” என்றார்.

தம்பிக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

“நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?”

இவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பாட்டிலைச் சுற்றியிருந்த காகிதத்தில் நாற்பத்தொன்று என்று எழுதி, கீழே புள்ளி வைத்தார். அவள் அதை வாங்கி உள்ளே போய்ப் புத்தகத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

“யாரு சொல்லி மாத்தினீங்க?”

“யாரும் சொல்லல. பக்கத்து ஊரோட ஒத்துப்போகல. அதனால நம்பல. நடுவுல மலை இருக்குன்னு எனக்கு மேப்புல தெரியும்மா. எட்டி ஒரு தடவை வந்து பாக்கல.”

“ஒரு குடம் தண்ணிக்கு இங்க வீட்டுக்கு வீடு சண்டை நடக்குது. ஒரு தடவை வந்து பாக்க உங்களுக்குப் பதினோரு வருஷம்” என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இவர் பையிலிருந்து அந்த உறையை எடுத்துக் கிழித்தார். அவளுடைய மெஷின் மேசையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினார். பதினொரு வருடத்துச் சைபர்களும் சரி, திருத்தியது என் தவறு, மலைக்குப் பின்பக்கத்து ஊரை முன்பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டது தவறு என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதும் முன் அவள் அடியில் ஒரு கார்பன் தாளைச் சொருகினாள்.

“எதுக்கும் ஒரு நகல் என்கிட்ட இருக்கட்டும்” என்றாள்.

திங்கட்கிழமை அந்த அறிக்கையைப் பார்த்த மேலதிகாரி, “பதினோரு வருஷப் புத்தகம் தப்புன்னு நீயே எழுதித் தர்றியே, பைத்தியமா? ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு” என்றாராம். இவர் திரும்ப வாங்கவில்லை. வாங்கினாலும் பயனில்லை, நகல் தகரப்பெட்டியில் இருக்கிறதே. சரிபார்க்கும் மேசையை இவரிடமிருந்து எடுத்துவிட்டு, வருகிற தபாலுக்கு முத்திரை குத்துகிற மேசையில் உட்கார வைத்தார்கள். ‘எதுக்கும்’ என்ற பெயர் அங்கேயும் கூடவே போனது. ஒரு மாதம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

தைக்கக் கொடுத்த என் ரவிக்கை பார்சலில் வந்தது. கச்சிதமாக இருந்தது. குழாய் போடும் ஊர்ப் பட்டியலில் அந்த ஊர் பெயர் வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஒரு வருடம் போய், வெயில் காலம் முடிகிற சமயம். ஒரு நாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். முத்திரை குத்த வந்த அந்த மாதத்துத் தபாலில் மலைக்குப் பின்னாலிருந்து வந்த அட்டையும் இருந்ததாம். அதற்குள்ளேயே இவர் பெயருக்கு ஒரு துண்டுச் சீட்டு. என்னிடம் நீட்டினார். தையல்காரியின் கையெழுத்து, இரண்டே வரி.

“குழாயில் தண்ணீர் வருகிறது. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், எதுக்கும் நீங்களே வந்து பாருங்கள்.”

சீட்டை வாங்கி இன்னொரு தடவை படித்தார். சட்டைப்பையில் பென்சில் இருந்தது, கை அங்கே போகவில்லை.

“பையை எடு, காலைல முதல் பஸ்ஸுக்குப் போவோம்” என்றார்.